கயிறு முடிந்த இடம்

போன மாதம் எங்கள் பழைய சுற்றுலா நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். புதிதாகச் சேரும் வழிகாட்டிகளுக்கு இப்போது அவள்தான் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறாளாம்.

"கையேட்டில் ஒரு வரி இருக்கிறது, மிஸிஸ் நாதன். கொடியைத் தாண்டுகிறவரைக் கேட்டுக்கொள்ள வேண்டாம், நிற்கச் சொல்லவும் என்று. மரியாதைக் குறைவாக இருக்கிறது, மாற்றலாமா என்று கேட்கிறார்கள். யார் எழுதியது இதை?"

"எழுதியது ஹாலரன். எழுத வைத்தது நான்" என்றேன். "மாற்ற வேண்டாம். ஏனென்று எழுதி அனுப்புகிறேன்."

ஒரு பக்கத்தில் முடியும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நானும் என் கணவர் சிவநாதனும் சிட்னிக்கு வந்தோம். யாழ்ப்பாணத்தில் நான் கணக்கு படிப்பித்தவள். இங்கே அந்தச் சான்றிதழை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பென்டில் ஹில்லில் வாடகை வீடு. நான் தினமும் ரயிலேறி நகரத்துக்குப் போய், ஒரு சுற்றுலா நிறுவனத்தில் ரைப்பிஸ்டாக இருந்தேன்.

சிட்னி, மெல்பேர்ன் ஆட்களை நியூசிலாந்தின் தென் தீவுக்குக் கூட்டிப்போவது அந்த நிறுவனத்தின் தொழில். ஐந்து நாள் பயணம். அதில் ஒரு நாளுக்காகத்தான் எல்லோரும் வருவார்கள். காலையில் சிறிய விமானத்தில் பறந்து பனியாற்றின் உச்சிவெளியில் இறங்குவது, மதியம் கீழே வந்து பனியாறு முடியும் நாக்குப் பகுதியில் ஏறி நடப்பது, பின்னேரம் அது உருகி நிற்கும் ஏரியில் வள்ளம் வலிப்பது. மூன்றும் ஒரே நாளில். விமானத்தின் சக்கரத்தோடு சறுக்குப் பலகைகள் பூட்டியிருக்கும். விமானியைத் தவிர நான்கு பேர் இருக்கலாம்.

அந்த விமானத்துக்கான எடைப் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்வேன். ஒரு நாள் பட்டியலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். எட்டுப் பேர், எட்டுப் பேருடைய எடையும் ஐந்தாலோ பத்தாலோ பிரிபடுகிறது. ஒருவரும் எழுபத்தைந்து கிலோவைத் தாண்டவில்லை. தாளை எடுத்துக்கொண்டு மேலாளர் ஹாலரனிடம் போனேன்.

ஹாலரன் தென் தீவில் மலை வழிகாட்டியாக இருந்தவர். முழங்கால் போனதால் ஒஃபிஸ் கதிரைக்கு வந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முக்கியமான விஷயம் என்றால் தலையில் இருக்கும் கம்பளித் தொப்பியைக் கழற்றி மேசையில் வைப்பார். தெரியாததைத் தெரியாது என்பார். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க மாட்டார்.

"இவை தராசில் நிறுத்த எடைகள் இல்லை, அவரவர் சொன்ன எடைகள்" என்றேன்.

அவர் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம் பார்த்தார். தொப்பி மேசைக்கு வந்தது. "இரண்டு வருடமாக இதில் நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். அடுத்த வாரம் ஒரு தராசு வாங்கி அனுப்பினார். அதற்கு அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு, தராசோடு நீங்களும் போவீர்களா என்று கேட்டார்.

வீட்டில் சொன்னபோது சிவநாதன் பத்திரிகையை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பனியைக் கண்ணாலை கண்டிருக்கிறீரோ?"

"பிரிஜ்ஜுக்கை கண்டிருக்கிறன்."

"அப்ப சரி. போட்டு வாரும். குசினியை நான் பாக்கிறன்."

முதல் கோடை முழுவதும் ஹாலரன் நொண்டி நொண்டி என்னோடு வந்து பழக்கினார். பனிக்கோடரியின் பிடியை முன்னால் குத்தி, கீழே இறுக்கமா பொள்ளலா என்று கையால் அறிவது. கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவது. ஏரியில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் என் வள்ளத்தைக் கவிழ்த்தார். உயிர்காப்பு அங்கியோடு மிதந்த என்னிடம் முடிச்சுப் போட்ட கயிற்றுத் துண்டை எறிந்து, "அவிழுங்கள்" என்றார். இருநூறு எண்ணுவதற்குள் விரல்கள் என்னுடையவையாக இல்லை. கரைக்கு இழுத்துப் போர்வையைச் சுற்றிய பிறகு சொன்னார்: "குளிர் முதலில் விரலை எடுக்கும். பிறகுதான் புத்தியை. அந்த இடைவெளியில்தான் நமக்கு வேலை."

காலையில் நிறுப்பதுதான் மிகவும் சங்கடமான வேலை. சப்பாத்து, கோட்டு, கமரா எல்லாவற்றோடும் ஏறி நிற்க வேண்டும். பெண்கள் சிரித்துச் சமாளிப்பார்கள், ஆண்கள் கோபப்படுவார்கள். அதனால் நான் முதலில் ஏறி என் எடையை உரத்துச் சொல்வேன். மற்றவர்களுடையதைச் சொல்லாமல் எழுதிக்கொள்வேன். பாரமானவருக்கு முன் இருக்கை. விமானி தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கதவைத் திறப்பேன்.

மேலே இறங்கும் இடத்தை உள்ளூர் ஆட்கள் முன்கூட்டியே குத்திப் பார்த்து, நான்கு மூலையிலும் சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். நடுவில் ஒரு பெட்டி: கூடாரம், உறக்கப் பைகள், மண்ணெண்ணெய் அடுப்பு, தகர டின்னில் பிஸ்கட், நூற்றிருபது அடிக் கயிறு. கொடிக்கு உள்ளே படம் எடுக்கலாம், பனியை உருட்டி எறியலாம், விழுந்து புரளலாம். கொடியைத் தாண்டக் கூடாது. கீழே பேசக் கைவானொலி எங்களிடம் கிடையாது, விமானத்தில் மட்டும்தான்.

எனக்கு அதிகாரம் பண்ணத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஒரு பின்னேரம் ஏரியில் வீடளவு பனிக்கட்டி மிதந்து வந்தது. அதைப் படமெடுக்க என் வள்ளத்தின் முன்பக்கம் இருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். வள்ளம் சரிந்தது. "இரடி!" என்று கத்தினேன். தமிழில்தான். ஒரு சொல் விளங்காத அந்தப் பெண் பொத்தென்று உட்கார்ந்தாள். கரையில் பார்த்துக்கொண்டு நின்ற ஹாலரன், அது என்ன சொல் என்று கேட்டு, தானும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

இரண்டாவது கோடையில் ஏழு பேர் கொண்ட குழு ஒன்று வந்தது. அதில் மெல்பேர்னிலிருந்து ஒரு தமிழ்த் தம்பதி. டொக்டர் இராசநாயகம் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், ஐம்பது வயது தாண்டியவர். மனைவி பத்மா அக்கா. அந்தக் காலத்தில் ஒரு தமிழ் முகத்தைக் காண்பதே அபூர்வம். முதல் நாளே ஊர், பள்ளிக்கூடம், யாருக்கு யார் சொந்தம் என்றெல்லாம் விசாரித்து, டொக்டருக்கு நான் 'பிள்ளை' ஆகிவிட்டேன். எனக்கும் அது பிடித்திருந்தது.

அன்று காலை வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. இரண்டு தடவையாக எல்லோரையும் மேலே இறக்கினோம். முக்கால் மணி நேரத்தில் விமானம் முதல் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கீழே போனது. மிச்சம் நான், டொக்டர், பத்மா அக்கா, ஜீலோங்கிலிருந்து வந்த பாரி என்ற குழாய் வேலைக்காரர். விமானம் இருபது நிமிடத்தில் திரும்ப வேண்டும். பத்தாவது நிமிடம் பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறத் தொடங்கியது.

விமானத்தின் சத்தம் ஒரு தரம் கிட்டக் கேட்டது, பிறகு தேய்ந்து போனது. இறங்க இடம் தெரியாமல் விமானி திரும்பிப் போகிறான் என்று விளங்கியது. அப்படியானால் என்ன செய்வது என்பது எழுதி வைத்த விதி: பெட்டியைத் திற, கூடாரத்தைப் போடு, எல்லோரையும் உள்ளே இருத்து, காத்திரு.

நானும் பாரியும் கூடாரத்தை விரித்துக்கொண்டிருந்தபோது பத்மா அக்கா இருமத் தொடங்கினா. டொக்டர் அவவின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இவவுக்கு இழுப்பு இருக்கு, பிள்ளை. இந்தக் குளிருக்கை வைச்சிருக்கேலாது. அங்கை ஒரு குடில் தெரியுதல்லோ, அதுக்குக் கொண்டு போவம்."

மேற்கே பாறை முனையில் மலையேறிகள் தங்கும் தகரக் கூரைக் குடில் ஒன்று முகிலின் கிழிசலில் தெரிந்து தெரிந்து மறைந்தது. ஒரு மைல் இருக்கும்.

"இடையிலை வெடிப்புகள் இருக்கு, டொக்டர். மேலாலை பனி மூடியிருக்கும், தெரியாது."

"நான் முன்னுக்குப் போய்ப் பாதை பாத்திட்டு வாறன். பிறகு இவவைக் கூட்டிக்கொண்டு போவம்."

"வேண்டாம் டொக்டர், ப்ளீஸ். கூடாரத்துக்கை இருந்தால் சூடு வரும்."

"எத்தினை வருசமா நான் ஆக்களைப் பாக்கிறன், பிள்ளை? எது தாங்கும், எது தாங்காது எண்டு எனக்குத் தெரியும்."

"போகாதேங்கோப்பா" என்றா பத்மா அக்கா.

அவர் கொடியைத் தாண்டினார். நான் "டொக்டர், தயவு செய்து..." என்று இழுத்தேன். அவ்வளவுதான் என் வாயில் வந்தது. முப்பது நாற்பது அடி போனபோது முகில் எங்கள் மேல் இறங்கியது. அவருடைய நீலக் கோட்டு சாம்பலாகி, பிறகு இல்லாமல் போனது.

விசிலை ஊதினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் வந்தது. வந்த விதத்திலேயே அவர் விழுந்துவிட்டார் என்று தெரிந்தது.

பாரிக்குக் கொடுத்திருந்த பனிக்கோடரியைப் பெட்டிக்குப் பக்கத்தில் தலைவரை பனிக்குள் இறுக்கி, கயிற்றை அதில் சுற்றிப் பாரியின் கையில் கொடுத்தேன். மறு நுனியை என் இடுப்பில் கட்டிக்கொண்டு, குத்திக் குத்திப் பார்த்து அவருடைய அடித்தடத்தில் போனேன். கயிறு ஓடிக்கொண்டே வந்தது. பிறகு நின்றது. நூற்றிருபது அடியும் முடிந்துவிட்டது.

அவர் எனக்கு முன்னால் இருந்தார். இருபது, இருபத்தைந்து அடி. பனிக்கு மேலே தலையும் தோளும் இரண்டு கையும் மட்டும். மூடியிருந்த வெடிப்பில் நெஞ்சளவுக்கு இறங்கி, கைகள் விரிந்ததால் மட்டும் தங்கியிருந்தார். இடது கையுறை போய்விட்டது. வெறுங்கை பனிக்குள் புதைந்திருந்தது.

"பிள்ளை, வாரும். கையைத் தாரும்."

நான் குப்புறப் படுத்து, கோடரிப் பிடியை எனக்கு முன்னால் குத்தினேன். எந்தத் தடையும் இல்லாமல் கழுத்துவரை இறங்கியது. கீழே ஒன்றும் இல்லை. கொஞ்சம் வலப் பக்கம் குத்தினேன். அங்கேயும் அதே.

கயிற்றை அவிழ்த்தால் இன்னும் முன்னே போகலாம். முடிச்சில் கை வைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

"டொக்டர், காலை உதையாதேங்கோ. கையை விரிச்சபடி வைச்சிருங்கோ. கயிறு காணாது. நான் திரும்பிப் போய்க் கயிறு கொண்டு வாறன்."

"எங்கை போறீர்? பிள்ளை! விட்டிட்டுப் போகாதையும்! ராணி!"

அவர் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் திரும்பினேன். வந்த தடத்திலேயே தவழ்ந்து போனேன். முதுகுக்குப் பின்னால் என் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு நீளமான நூற்றிருபது அடியை நான் பிறகு ஒருநாளும் கடக்கவில்லை.

பெட்டியடியில் பத்மா அக்கா என் தோளைப் பிடித்தா. "அவர் எங்கை?"

"இருக்கிறார் அக்கா. கதைக்கிறார்."

"பின்னை ஏன் தனியத் திரும்பி வந்தனீர்?"

"கயிறு முடிஞ்சுது. பாரியும் கோடரியும் இன்னும் அறுபது அடி முன்னுக்கு வரவேணும். அப்ப மிச்சக் கயிறை அவருக்கு எறியலாம். ஆனால் பாரி வந்தால் இந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒண்டுமிராது. நீங்கள் இஞ்சை தனிய நிக்கவேணும்."

அவ பிஸ்கட் டின்னின் மூடியையும் ஒரு கரண்டியையும் எடுத்தா. "நான் தட்டிக்கொண்டிருக்கிறன். நீங்கள் போங்கோ."

இழுப்புக்கார மனுசி. கூடாரத்துக்குள் போர்த்திக்கொண்டு இருக்க வேண்டியவ. நாங்கள் திரும்பி வரும்வரை அந்தச் சத்தம் ஒரு தரமும் நிற்கவில்லை.

பாரி முன்பின் பனியைக் கண்டிராத மனிதர். ஒரு கேள்வியும் கேட்காமல் என் தடத்தில் மட்டும் கால் வைத்து வந்தார். இடம் பார்த்துக் கோடரியை மறுபடி இறுக்கினோம். குத்திப் பார்த்த நான்காவது இடத்தில்தான் பிடித்தது. கயிற்று நுனியில் பெரிய வளையம் ஒன்று முடிந்து, நடுக்கயிற்றை என் இடுப்பில் கட்டிக்கொண்டு, பழைய இடத்துக்குத் தவழ்ந்தேன். டொக்டர் இப்போது கூப்பிடவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

முதல் எறி தவறியது. இரண்டாவது அவர் தலைக்கு மேலால் போய் விழுந்தது. "வலக் கையாலை எடுத்துத் தலைக்குள்ளாலை போடுங்கோ. இப்ப மற்றக் கை. கெதியா!" இந்த முறை நான் கேட்கவில்லை, சொன்னேன். அவரும் செய்தார். நானும் பாரியும் இழுத்தோம். பனி உடைந்து உடைந்து, அவர் வயிற்றில் வழுக்கிக்கொண்டு வந்தார். அவர் கிடந்த இடத்தில் பிறகு தெரிந்தது ஒரு நீல இருட்டு.

கூடாரத்தில் அவருடைய இடது கையை என் அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன். வெளியே எடுத்தபோது நான்கு விரலும் மெழுகுதிரி நிறத்தில் இருந்தன. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனையோ பேருக்குச் செய்தி சொன்ன குரலில், "இது போட்டுது" என்றார். பிறகு மனைவியிடம், "உமக்கு மூச்சு எப்பிடி?" என்று கேட்டார்.

வெயில் சாயுமுன் முகில் கலைந்து விமானம் வந்தது.

அவருடைய இடது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. சத்திரசிகிச்சை செய்வதை அத்தோடு விட்டார். நிறுவனத்துக்கு அவருடைய கடிதம் வந்தது: என்னைக் கண்ட பிறகும் உங்கள் வழிகாட்டி திரும்பிப் போனார், நாற்பது நிமிடம் கழித்து வந்தார், அந்த நாற்பது நிமிடம்தான் என் விரல்கள்.

அதில் பொய் ஒன்றுமில்லை.

ஹாலரன் என்னை உட்காரச் சொல்லவில்லை. அதே கயிற்றை எடுத்துக்கொண்டு ஒஃபிஸின் நீண்ட நடையில் விரித்தார். நடை போதாமல் மாடிப்படி வரை போனது. "செய்து காட்டுங்கள்" என்றார். தட்டச்சுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் தரையில் தவழ்ந்து காட்டினேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி கூடவே வந்தார். முடிந்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"கயிறு விஷயத்தில் எனக்குக் கேள்வி இல்லை. அவர் கொடியைத் தாண்டியபோது என்ன சொன்னீர்கள்?"

"தயவு செய்து போகவேண்டாம் என்று கேட்டேன்."

"கேட்டீர்களா, சொன்னீர்களா?"

"கேட்டேன்."

"ஏரியில் அந்தப் பெண்ணிடம் கேட்கவில்லையே."

"இவர் என் ஊர்க்காரர். பெரியவர். டொக்டர்."

"பனிக்கு அது தெரியுமா?"

அவர் என் கண் முன்னாலேயே கையேட்டில் அந்த வரியை எழுதினார். கூடவே இன்னும் இரண்டு: ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு கயிறு, ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு வழிகாட்டி.

இரண்டாவது கடிதம் ஒரு வாரம் கழித்து வந்தது. பத்மா அக்கா எழுதியது. தமிழில். ஹாலரன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் தரவில்லை. "உங்களைப் பற்றிய கடிதத்தை நீங்கள் மொழிபெயர்க்க முடியாது" என்றார். என் கணவரும் கூடாதாம். அந்த நாளில் சிட்னியில் எங்களைத் தெரியாத தமிழர் ஒருவரைத் தேடிப் பிடிக்க அவருக்குப் பத்து நாள் பிடித்தது. கடைசியில் ஒரு கப்பல் ஒஃபிஸில் வேலை செய்த தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வந்து, உரத்து வாசித்து, வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். அதில் ஒரு இடம் எனக்கு இன்றும் மனப்பாடம்.

"அந்தப் பிள்ளை பயத்தால் திரும்பி வரவில்லை. பயந்திருந்தால் கயிற்றை அவிழ்த்துவிட்டு அவரிடம் ஓடியிருக்கும். நானாக இருந்தால் ஓடியிருப்பேன். இருவரும் போயிருப்போம்."

வாசித்து முடித்தவர் என்னைப் பார்த்து, "நீங்கதானா அது? நல்லா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தேநீரும் குடிக்காமல் போனார்.

ஹாலரன் டொக்டருக்குப் பதில் எழுதினார். பிழை நிறுவனத்துடையது, கொடியடியில் நடந்தது. கயிற்றடியில் பிழை இல்லை என்று. அடுத்த குழு புறப்பட்டபோது பட்டியலில் என் பெயர் இருந்தது. வேண்டாம் என்று சொல்லலாம் என்றார். நான் தராசைத் தூக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு என் சேவைக்காலம் முழுவதும், கொடியில் யார் கால் வைத்தாலும், நீதிபதியானாலும் சொந்தக்காரரானாலும், ஒரே சொல்தான்: நில். சிலர் முறைத்தார்கள். எல்லோரும் நின்றார்கள்.

டொக்டரை நான் மறுபடி கண்டது பல வருடங்களுக்குப் பிறகு. மெல்பேர்னில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, உறவினர் ஒருவர் எங்களை த பேசின் என்ற இடத்தில் உள்ள பிள்ளையார் கோவிலுக்குக் காரில் கூட்டிப்போனார். பூசை முடிந்து வெளியே வந்தால், கார் நிறுத்துமிடத்தில் பத்மா அக்கா. தலை வெளுத்திருந்தது. ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. பின்னால் டொக்டர், மெதுவாக.

"மருத்துவ மாணவருக்குப் படிப்பிக்கிறனெண்டு கேள்விப்பட்டிருப்பீர்" என்றார்.

"ஓம் டொக்டர். சந்தோசம்."

"ஒவ்வொரு வருசமும் முதல் வகுப்பிலை இந்தக் கையைக் காட்டி உம்மட கதையைத்தான் சொல்லுறனான். நீர் அண்டைக்குச் செய்தது பிழையெண்டு சொல்லுறனான். இண்டைக்கும் அதைத்தான் சொல்லுவன்."

சிவநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைத் தொட்டு நிறுத்தினேன்.

"சொல்லுங்கோ டொக்டர்" என்றேன். "சொல்லுறதுக்கு நீங்கள் இருக்கிறியள்தானே."

பத்மா அக்காதான் முதலில் சிரித்தா. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, காரில் சாய்ந்துகொண்டா. டொக்டர் திரும்பி, அந்த இடது கையால் அவவின் முதுகைத் தடவிவிட்டார்.